மார்க் ஏறியது, வேகம் ஏறவில்லை

வாசகர் கேள்வி – பதில்: இந்த முறை இணையதள வேகம்

"தளம் திறக்க நேரமாகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் எழுதுங்கள்" என்று போன இதழில் ஒரு வரி போட்டேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் தள முகவரிகள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆன்லைனில் தோல் பைகள் விற்கிறேன் மேடம். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் கம்ப்யூட்டருக்கு 91, மொபைலுக்கு 38 காட்டுகிறது. என் போனில் திறந்தால் தளம் பட்டென்று வருகிறது. அந்தக் கருவி பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை. நீங்கள் பார்க்கும் போன் வேறு, அது பார்க்கும் போன் வேறு.

உங்கள் போன் அந்தத் தளத்தைத் தினமும் திறக்கிறது. லோகோ, எழுத்துரு, பக்கத்தை இயக்கும் நிரலான ஸ்கிரிப்ட் எல்லாம் ஏற்கெனவே கேஷில், அதாவது போன் நகல் எடுத்துவைக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும். கருவி அப்படியில்லை. நடுத்தரமான ஓர் ஆண்ட்ராய்டு போனையும் மெதுவான 4ஜி இணைப்பையும் பாவனை செய்துகொண்டு, கேஷில் ஒன்றுமே இல்லாமல் முதல்முறை வருகிற ஆளாக உங்கள் பக்கத்தைத் திறக்கிறது. தேடலில் உங்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு, நீங்கள் யாரென்றே தெரியாமல் தட்டுகிறாரே ஒரு வாடிக்கையாளர், அவர் நிலைமை அதுதான்.

91-க்கும் 38-க்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். நூறு மார்க்கில் 30, ஸ்கிரிப்ட் ஓடுவதால் பக்கம் எவ்வளவு நேரம் மரத்துப்போய் நிற்கிறது என்பதற்கு. 25 மார்க் திரையின் பெரிய படமோ பத்தியோ தெரியும் நேரத்துக்கு, இன்னொரு 25 பக்கம் குதிக்காமல் இருப்பதற்கு. மீதி 20, முதலில் ஏதாவது கண்ணில் படும் நேரத்துக்கும் திரை நிரம்பும் வேகத்துக்கும். கம்ப்யூட்டரின் பிராசஸர் ஒரே மூச்சில் முடிக்கும் ஸ்கிரிப்டில் சாதாரண போன் திணறிப்போகும். மொபைல் மார்க் அங்கேதான் அடிவாங்குகிறது.

இப்போது முக்கியமான விஷயம். அந்த நூற்றுக்கு இத்தனை என்கிற மார்க்கைக் கூகுள் தேடல் கணக்கில் எடுப்பதே இல்லை. அதே பக்கத்தில் மேலே இன்னொரு பகுதி இருக்கிறது பாருங்கள், நிறைய பேர் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். அது கடந்த 28 நாட்களில் குரோம் பிரவுசரில் உங்கள் தளத்துக்கு வந்த நிஜ மனிதர்களிடமிருந்து எடுத்த அளவு. தேடல் பார்ப்பது அதைத்தான். அதில் மூன்று எண்கள், கோர் வெப் வைட்டல்ஸ் என்று பெயர்:

எல்.சி.பி. என்பது திரையில் தெரியும் மிகப் பெரிய படம் அல்லது எழுத்துப்பகுதி வந்து சேரும் நேரம். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது, 4 நொடிக்கு மேல் போனால் மோசம். ஐ.என்.பி. என்பது தட்டியதும் தளம் அசைந்து கொடுக்க ஆகும் நேரம். 200 மில்லிநொடி வரை நல்லது, 500-ஐத் தாண்டினால் மோசம். சி.எல்.எஸ். என்பது பக்கம் குதிக்கிற அளவு. 0.1 வரை நல்லது, 0.25-க்கு மேல் மோசம்.

சராசரி போட்டு ஏமாற்ற முடியாதபடிதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். நூறு வருகைகளை நல்லதிலிருந்து மோசம் வரை வரிசையாக நிறுத்தினால் 75-ஆவதாக நிற்கிற வருகை என்ன எண் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் எண். நல்ல போன் வைத்திருக்கும் பாதிப் பேருக்குத் தளம் பறந்தாலும் பச்சை வராது.

வருகை குறைவான பக்கத்துக்குத் தனி எண் இருக்காது, தளம் முழுவதற்கும் சேர்த்து ஒரு எண் காட்டும். அதுவும் இல்லையென்றால் அந்தப் பகுதி காலியாக இருக்கும். அப்போது கீழே இருக்கும் மார்க்கைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இன்னொன்றும் நினைவில் வையுங்கள். ஐபோனில் வருகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. சஃபாரி மட்டுமல்ல, ஐபோனில் ஓடும் குரோமும் சேராது.

ஒருவரிடம் காசு கொடுத்துத் தளத்தை வேகப்படுத்தினேன். மொபைல் மார்க் 41-லிருந்து 98-க்கு ஏறியது. இரண்டு மாதம் ஆயிற்று. தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் இன்னும் "மோசம்" என்றே இருக்கிறது. விற்பனையிலும் மாற்றமில்லை. கேட்டால், கூகுளுக்கு நேரமாகும் என்கிறார்.

28 நாள் கணக்கு இரண்டு தடவை உருண்டு முடிந்துவிட்டது. இனியும் பொறுத்திருக்க எதுவும் இல்லை.

உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் சந்தேகப்பட்டதுதான் நடந்திருக்கிறது. எல்லா ஸ்கிரிப்டையும், வருகிறவர் திரையைத் தொடும்வரை ஏற்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். இதற்கென்று பிளகின்களே இருக்கின்றன. சோதிக்கும் கருவி திரையைத் தொடுவதில்லை, பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் அதன் கண்ணில் ஒரு ஸ்கிரிப்டும் படாது, 98 கொடுத்துவிடும். மேலதிகாரி வருகிற நாளில் மட்டும் துடைத்துவைத்த அலுவலகம் மாதிரிதான்.

நிஜமான ஆள் வந்தால் என்ன ஆகிறது? மெனுவைத் தட்டுகிறார். தட்டிய அந்தக் கணத்தில்தான் அரட்டைப் பெட்டி, விளம்பரக் கணக்கு, ஸ்லைடர், மதிப்புரைப் பட்டியல் எல்லாம் ஒன்றாக இறங்கி ஓட ஆரம்பிக்கின்றன. மெனு திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறார். இப்போது திறந்து, இரண்டாவது தட்டலில் மூடிக்கொள்கிறது. நானே இரண்டு தடவை மெனுவைத் திறக்கப் போராடினேன்.

முன்பெல்லாம் இது மாட்டாமல் தப்பித்தது. அப்போது இருந்த அளவு எஃப்.ஐ.டி. அது முதல் தட்டலை மட்டும், அதுவும் பிரவுசர் வேலையைத் தொடங்கும்வரை ஆகிற தாமதத்தை மட்டும் பார்த்தது. 2024 மார்ச் 12 முதல் அந்த இடத்தில் ஐ.என்.பி. வந்துவிட்டது. இது பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்க எல்லாத் தட்டலையும் பார்க்கிறது, திரையில் மாற்றம் தெரியும்வரை எண்ணுகிறது. உங்கள் சர்ச் கன்சோலில் சிவப்பாக இருப்பது ஐ.என்.பி.தான், வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: அந்த "தொடும்வரை நிறுத்து" அமைப்பை அணைத்துவிடுங்கள். மார்க் தடாலென்று விழும், பயப்படாதீர்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்கிரிப்டாக எடுத்து, "இது இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்காததைத் தூக்கிவிடுங்கள். வேண்டும் என்று மிஞ்சுவதில் அவசரமில்லாதவற்றை, பக்கம் வந்து அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக ஏற்றச் சொல்லுங்கள். சோதிக்க மார்க் போடும் கருவி வேண்டாம். குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசஸர் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிட்டு, மெனு, அளவு தேர்வு, கூடையில் சேர் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். ஐ.என்.பி. எண் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும்.

வேகமாக்கினால் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாமா?

வேகத்தை வைத்து மட்டும் வர முடியாது.

கூகுள் வேகத்தைத் தரவரிசைக்கு ஒரு காரணியாகச் சேர்ப்பதாக அறிவித்தது 2010-இல், கம்ப்யூட்டர் தேடலுக்கு. மொபைல் தேடலுக்கு அது வந்தது 2018 ஜூலையில். மேலே சொன்ன கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகள் சேர்ந்தது 2021-இல். மூன்று தடவையும் அவர்கள் சொன்னதில் மாறாத ஒன்று, தேடியவருக்குப் பொருத்தமான பக்கம்தான் முதலில் வரும் என்பது. பக்கம் மெதுவாக இருந்தாலும் பதில் அங்கேதான் இருக்கிறது என்றால் அதைத்தான் காட்டுவார்கள். ஒரே தரத்தில் பல பக்கங்கள் போட்டியிடும்போது வேகம் கைகொடுக்கும். பொருள் விவரம் இரண்டே வரி, அதுவும் தயாரிப்பாளர் கொடுத்ததை அப்படியே ஒட்டியது என்றால், பக்கம் அரை நொடியில் வந்தும் பிரயோஜனமில்லை. முதலில் விவரத்தை எழுதுங்கள்.

பெரிய தளங்களுக்கு இன்னொரு வழியிலும் லாபம் உண்டு. சர்வர் சீக்கிரம் பதில் சொன்னால், பக்கங்களைப் படித்துப் போகும் கூகுளின் நிரலான பாட் அதே நேரத்தில் அதிகப் பக்கங்களை எடுத்துப் போகும். பல்லாயிரம் பொருள்கள் வைத்து, தினமும் விலையும் இருப்பும் மாறுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். முப்பது நாற்பது பக்கம் வைத்திருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நான் வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது தேடலுக்காகக்கூட இல்லை, வந்தவரை விரட்டாமல் இருப்பதற்காக. இதில் பழைய கதை ஒன்று உண்டு. கூகுளில் இருந்த மரிசா மேயர் 2006-இல் ஒரு மாநாட்டில் சொன்னது. தேடல் பக்கத்துக்குப் பத்து முடிவுக்குப் பதில் முப்பது கொடுத்துப் பார்த்தார்கள், பயனர்கள் கேட்டதே அதுதான். 0.4 நொடியில் வந்த பக்கம் 0.9 நொடியானது. அந்தக் குழுவில் பயன்பாடும் வருமானமும் 20 சதவீதம் இறங்கின. கேட்டதைக் கொடுத்தும் அரை நொடித் தாமதத்தை யாரும் மன்னிக்கவில்லை.

விற்பனைக் கணக்கு வேண்டும் என்றால் வோடஃபோன் இத்தாலியில் செய்த சோதனையைச் சொல்லலாம். 2021-இல் வெளியானது. பார்க்க ஒரே மாதிரியான இரண்டு பக்கங்கள், ஒன்று மட்டும் வேகப்படுத்தப்பட்டது. எல்.சி.பி. 31 சதவீதம் மேம்பட்ட பக்கத்தில் விற்பனை 8 சதவீதம் கூடுதல். இதை அப்படியே உங்கள் வரவு செலவில் எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம், அந்த வாடிக்கையாளர்கள், அந்தப் பொருள் வேறு. திசை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கிறோம். முகப்புப் பக்கம் சுமாராக வருகிறது, பொருள் பக்கம் மட்டும் ஆறேழு நொடி ஆகிறது. விளம்பரத்துக்குச் செலவழித்து ஆளை அங்கேதான் கொண்டுவருகிறோம். ஹோஸ்டிங்கை மாற்றிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். முகப்பும் பொருள் பக்கமும் ஒரே சர்வரில்தானே இருக்கின்றன? ஒன்று சுமாராக வருகிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விளம்பர இணைப்பை அப்படியே எடுத்து, குரோமின் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து, கேஷை அணைத்துவிட்டுத் தட்டினேன். என்ன வரிசையில் என்ன வந்தது என்று சொல்கிறேன். உங்கள் டெவலப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் வரியும் இரண்டாவது வரியும் பக்கமே இல்லை, "அங்கே போ" என்ற கைகாட்டல்கள். விளம்பரத்தில் இருப்பது பழைய முகவரி. அது பாதுகாப்பான முகவரிக்கு அனுப்புகிறது, அது மறுபடி மூன்று டபிள்யூ சேர்ந்த முகவரிக்கு அனுப்புகிறது. சர்வருக்கு இரண்டு தடவை வெட்டியாகப் போய்வந்தாயிற்று, 0.4 நொடி காலி. விளம்பரத்தில் கடைசி முகவரியை நேராகப் போட்டால் போதும். இதைச் சரிசெய்ய டெவலப்பர்கூட வேண்டாம்.

மூன்றாவது வரிதான் பக்கம். முதல் பைட் வருவதற்கே 1.4 நொடி. 0.8-க்குள் இருப்பது நல்லது. சரி, சர்வர்தான் மந்தம் என்று நினைப்பீர்கள். முகப்பைத் திறந்தேன், 0.3 நொடியில் முதல் பைட் வந்தது. ஆக, சர்வருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முகப்பு சர்வரின் கேஷிலிருந்து, அதாவது முன்பே தயாரித்துவைத்த நகலிலிருந்து வருகிறது, பொருள் பக்கம் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தயாராகிறது. ஏன் என்று கீழே இறங்கிப் பார்த்தால், "நீங்கள் அண்மையில் பார்த்தவை" என்று ஒரு பட்டி. ஆளுக்கு ஆள் அது மாறுகிறது என்பதால் பக்கம் முழுவதையுமே கேஷ் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியை மட்டும் பக்கம் வந்தபிறகு தனியாக ஏற்றினால், மீதி எல்லாம் கேஷிலிருந்து வரும். இதைச் செய்யாமல் புது ஹோஸ்டிங் போனால், அங்கேயும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் தயாராகும்.

இனி வருவது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கம் வந்துவிட்டது, எழுத்தும் வந்துவிட்டது, ஆனாலும் திரை வெள்ளையாகவே நிற்கிறது. மூலத்தைத் திறந்து பார்த்தால், தலைப்பகுதியில் நாலு வரியில் ஒரு துண்டு. இரண்டு விதப் பக்கங்களைக் காட்டி எது அதிகம் விற்கிறது என்று சோதிக்கிற கருவி ஒன்றுக்கு உரியது. முதலில் பழைய வடிவம் மின்னி மறைந்து புதியது வருவது அசிங்கமாகத் தெரியும் என்பதால், கருவி வந்து சேரும்வரை பக்கத்தையே மறைத்துவைக்கும். கருவி வராவிட்டால் 4 நொடி பொறுத்துவிட்டுத் திரையைத் திறக்கும். உங்கள் கருவி வரவே இல்லை. கணக்கை எப்போதோ மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது, துண்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும், தயாராக இருக்கிற பக்கத்தின் முன்னால் 4 நொடி வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்த நாலு வரியை இன்றைக்கே அழியுங்கள்.

கடைசியாகப் படம். 2400-க்கு 2400 பிக்சலில் ஒரு ஜேபெக், 900 கேபி. போனில் அது தெரிவதோ 360 அகலத்தில். கூர்மையான திரைக்கு இரட்டிப்பாகக் கொடுத்தாலும் 720 போதும். அகலம் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவுதான், பரப்பில் பார்த்தால் பதினொன்றில் ஒரு பங்கு. நொடிக்கு 1.6 மெகாபிட் கிடைக்கும் மெதுவான இணைப்பில் 900 கேபி இறங்க நாலரை நொடி ஆகும். அதே படத்தை 800 பிக்சலில் வெப்பி வடிவத்தில் சேமித்துப் பார்த்தேன், 70 கேபி வந்தது. அது அரை நொடிக்குள் இறங்கிவிடும். இரண்டையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்குப் பெரிய படம் வேண்டும்தான், அதை அவர் பெரிதாக்கும்போது கொடுங்கள்.

அந்தப் படத்திலேயே இன்னொரு கோளாறு, லேசி லோடிங் போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் படங்களுக்கு அது அருமையான வசதி, உருட்டி வரும்போது மட்டும் இறங்கும். திரையின் உச்சியில் நிற்கும் முதல் படத்துக்குப் போட்டால், பிரவுசர் பக்கத்தின் அமைப்பை எல்லாம் கணக்குப் போட்டு முடித்து, "ஓ, இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா" என்று கண்டுகொண்ட பிறகுதான் இறக்கவே ஆரம்பிக்கும். முதல் படத்திலிருந்து லேசியை எடுத்துவிட்டு, ஃபெட்ச் பிரையாரிட்டியை "ஹை" என்று போடச் சொல்லுங்கள்.

செய்யும் வரிசை: மறைக்கும் துண்டு, படம், விளம்பர முகவரி, கேஷ். நாலும் முடிந்தபிறகும் முதல் பைட் ஒரு நொடிக்கு மேல் போனால் ஹோஸ்டிங் பற்றிப் பேசலாம்.

வாடிக்கையாளர் ஒருவர், "வாங்கு பட்டனைத் தட்டப் போனேன், பக்கம் இறங்கி வேறெதையோ தட்டிவிட்டேன்" என்று கோபமாக எழுதியிருக்கிறார். இதுவும் வேகப் பிரச்சினையா?

ஆமாம், சி.எல்.எஸ். என்பது இதேதான். இடம் ஒதுக்காமல் விட்ட ஏதோ ஒன்று தாமதமாக வந்து மற்றதைக் கீழே தள்ளியிருக்கிறது. பெரும்பாலும் தள்ளுபடி அறிவிப்புப் பட்டை, அல்லது அகலமும் உயரமும் குறிப்பிடாத படம்.

கணக்கு எளிது. திரையில் எவ்வளவு பங்கு பாதிக்கப்பட்டது என்பதை, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதால் பெருக்க வேண்டும். உச்சியில் வந்து விழும் பட்டை திரை உயரத்தில் 15 சதவீதம் என்று வையுங்கள். திரை முழுவதும் கீழே போகிறது. 1-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 0.15. ஒரே ஒரு பட்டையிலேயே 0.1 என்ற எல்லையைத் தாண்டியாயிற்று.

படங்களுக்கெல்லாம் அகலம், உயரம் இரண்டையும் மார்க்கப்பில் எழுதிவிடுங்கள், பிரவுசர் முன்கூட்டியே இடம் போட்டுவைக்கும். பட்டைக்கு நிரந்தர இடம் ஒதுக்குங்கள், அல்லது திரையின் அடியில் மற்றதைத் தள்ளாமல் மேலே மிதக்கவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லிப் பதில் போடுங்கள். இப்படி எழுதுகிறவர் அபூர்வம், மற்றவர்கள் சத்தமில்லாமல் போய்விடுவார்கள்.

அக்கா, நான் தமிழில் தளம் நடத்துகிறேன். தமிழ் எழுத்துருவால் தளம் கனமாகிறது என்கிறார்களே, ஆங்கிலத் தளம் அளவுக்கு வேகம் வருமா?

தாராளமாக வரும் தம்பி. எழுத்தால் வரும் கனம் வேறு, எழுத்துருவால் வரும் கனம் வேறு. முதலில் எழுத்து.

யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். "கி" என்பது "க" ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றுதான், இரண்டாவதிலும் இரண்டே வகைதான். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஜிசிப், பிராட்லி என்ற சுருக்கும் முறைகள் கில்லாடிகள். உன் சர்வரில் அந்தச் சுருக்கம் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

எழுத்துருவில்தான் கைவைக்க வேண்டும். உன் தளத்தில் மெல்லியது, சாதாரணம், நடுத்தடிமன், தடிமன், மிகத்தடிமன் என்று ஐந்து கோப்புகள் இறங்குகின்றன. படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டுதான் தெரிகிறது. இரண்டு வை, இணையத்துக்கென்று சுருக்கிய வாஃப்2 வடிவத்தில் வை. வேண்டாத எழுத்துகளை வெட்டிச் சின்னதாக்கலாம், ஆனால் தமிழில் வெட்டும்போது கவனம். குறியீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கோக்கும் விதிகளைக் கழித்துவிட்டால் "டி", "கு", "மூ" எல்லாம் உடைந்து உடைந்து நிற்கும். வெட்டியபிறகு உயிர்மெய் அட்டவணை முழுவதையும் ஒரு பக்கத்தில் போட்டுப் பார்த்துவிடு.

எழுத்துரு வரும்வரை எழுத்தே தெரியாமல் வெறிச்சென்று கிடக்காமலிருக்க ஃபாண்ட் டிஸ்ப்ளேயை "ஸ்வாப்" என்று வை. போனில் இருக்கும் எழுத்துருவில் முதலில் தெரியும், பிறகு உன்னுடையது வந்து மாறும். தமிழில் இரண்டு எழுத்துருவுக்கு நடுவே அகலம் ரொம்ப வித்தியாசப்படும், அதனால் மாறும்போது வரிகள் ஒடிந்து பக்கம் குதிக்கும். "சைஸ் அட்ஜஸ்ட்" வைத்து இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அகலத்துக்குக் கொண்டுவரலாம். இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால், போனில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருவையே பயன்படுத்து. ஒரு பைட்கூட இறங்காது. இன்றைய போன்களில் அது பார்க்கவும் லட்சணமாகவே இருக்கிறது.

வாங்குகிறவர்கள் வேறு வேறு நாடுகளில் இருக்கிறார்கள். சி.டி.என். போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் சரியாகாது, தூரத்துக்கு மட்டும் மருந்து. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வரக் குறைந்தது 100 மில்லிநொடி. புது இணைப்பில் கைகுலுக்க ஒரு தடவை, பூட்டுச்சாவி பேச ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை என்று மூன்று தடவை போய்வந்தால் 300 மில்லிநொடி. எவ்வளவு நல்ல சர்வர் வாங்கினாலும் இது குறையாது. வாங்குகிறவருக்குப் பக்கத்திலேயே நகலை வைப்பதுதான் சி.டி.என். செய்யும் வேலை.

நிறைய பேர் படத்தையும் ஸ்கிரிப்டையும் மட்டும் அதில் வைத்துவிட்டு, பக்கத்தை மூலச் சர்வரிலிருந்தே கொடுக்கிறார்கள். அப்போது முதல் பைட்டுக்கான காத்திருப்பு அப்படியேதான் இருக்கும். பக்கமும் சி.டி.என்.னில் கேஷ் ஆகிறதா என்று கேளுங்கள். கூடை, பணம் கட்டும் பக்கம், கணக்குப் பக்கம் மூன்றையும் கேஷில் சேர்க்காமல் விலக்கச் சொல்ல மறந்துவிடாதீர்கள். ஒருவர் கூடை இன்னொருவருக்குத் தெரிந்தால் வம்பு.

ஏ.எம்.பி. பக்கங்கள் இன்னும் தேவையா?

தேவையில்லை. மொபைலில் வேகமாகத் திறக்க என்று கூகுள் 2015-இல் கொண்டுவந்த எளிய பக்க வடிவம் அது. செய்தித் தளங்கள் கூகுளின் முக்கியச் செய்திகள் வரிசையில் வர அது கட்டாயம் என்ற நிலை 2021-லேயே போய்விட்டது. இருக்கிற பக்கத்தை ஒழுங்காக வையுங்கள்.

முகப்பில் ஐந்து படம் சுழலும் ஸ்லைடர் வைத்திருக்கிறோம். எடுக்கச் சொன்னால் முதலாளி கேட்க மாட்டேன் என்கிறார்.

ஐந்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி இணைப்பு கொடுத்து, எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணிவிட்டு, அந்தத் தாளை அவர் மேஜையில் வையுங்கள். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

நான் தளத்தைப் பராமரிக்கிறவள். கஷ்டப்பட்டு எல்.சி.பி.யை 2.3-க்குக் கொண்டுவந்தேன். மார்க்கெட்டிங் ஆட்கள், தளத்தின் கோடைத் தொடாமல் ஸ்கிரிப்ட் (டேக்) சேர்க்க உதவும் டேக் மேனேஜர் வழியாக வாரம் ஒன்று சேர்க்கிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி 3.6. சண்டை போட்டு அலுத்துவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கே பழைய அலுவலக ஞாபகமெல்லாம் வந்துவிட்டது. சண்டையை விடுங்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் சேர்ப்பது வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்று அவர்கள் கண்ணில் படவே இல்லை. படும்படி செய்யுங்கள்.

டேக் மேனேஜரில் இருக்கும் அத்தனை டேக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கட்டம்: கேட்டவர் பெயர், எதற்காக, எந்தத் தேதிவரை. முதல் கட்டத்தையே நிரப்ப முடியாத டேக் நிறைய கிடைக்கும். வேலையை விட்டுப் போனவர் கேட்டது, முடிந்துபோன விளம்பரத்துக்குப் போட்டது, ஒரே கணக்கை இரண்டு தடவை எண்ணுவது என்று. அவற்றை அழிக்காமல் முதலில் நிறுத்தி மட்டும் வையுங்கள். இரண்டு வாரம் ஒருவரும் கேட்கவில்லை என்றால் அழித்துவிடலாம்.

அடுத்து, குரோமின் நெட்வொர்க் பகுதியில் ஒரு முகவரியை மட்டும் தடுக்கிற வசதி இருக்கிறது. ஒரு டேக்கின் முகவரியைத் தடுத்துப் பக்கத்தைத் திறந்து நேரத்தைக் குறியுங்கள், தடுக்காமல் திறந்து குறியுங்கள். ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை செய்து நடு எண்ணை எடுங்கள், ஒரு தடவை பார்த்ததை நம்பாதீர்கள். அந்த வித்தியாசத்தை அதே தாளில் நான்காவது கட்டமாக எழுதுங்கள். அரட்டைப் பெட்டிக்கு நேராக 0.6 நொடி என்று நின்றால், அதைக் கேட்டவரே "பட்டனைத் தட்டினால் மட்டும் வரட்டுமே" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது.

இனிப் புது டேக் வரும்போது ஒரே விதி: 2.5-க்கு மேல் போனால் ஏதாவது பழையது ஒன்று வெளியே போக வேண்டும். எதை எடுப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். தாளை முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் மறுபடி உங்கள் தலையில்தான் விடியும்.